ஐஸ் வண்டிக்காரனின் தாடி

யோகேஸ்வரனுக்கு ஐஸைக் கண்ணில் காட்டக்கூடாது. மெல்போர்னில் அவன் வீட்டு வாடகையில் பாதியைக் கட்டியது அந்த ஐஸ்தான், ஆனாலும் பிடிக்காது. இரண்டு சோடிக் காலுறை, கம்பளித் தொப்பி, தடித்த கையுறை என்று என்னத்தைப் போட்டுக்கொண்டு போனாலும் குளிர் எப்படியோ உள்ளே வந்து முழங்காலில் குடியிருந்துவிடும். வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் நின்றாலும் எழும்பிப் போகாது. வாடகை கொடுக்காத குடியிருப்பாளன் என்று அந்தக் குளிருக்கு அவனே பேர் வைத்திருந்தான்.

வயது முப்பத்தைந்து. இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்தவன். எழுபத்து மூன்றில், வெள்ளைக்காரர் அல்லாதவர்களுக்கும் அவுஸ்திரேலியாவின் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து இறங்கினான். ஓவசியர் சான்றிதழை இங்கே ஒரு கந்தோரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே காலையில் பழம் டின்னில் அடைக்கும் தொழிற்சாலை, பின்னேரம் ஐஸ் அரங்கம். இரண்டுக்கும் நடுவில் ட்ராமில் கண்ணயர்வதுதான் தூக்கம். இறங்க வேண்டிய இடம் வந்ததும் உடம்பு தானாக எழும்பிவிடும், மனம் அடுத்த தரிப்பில்தான் வந்து சேரும்.

ஐஸ் அரங்கத்து முகாமையாளர் ஹால்பின் வேலைக்கு எடுக்கும்போது கேட்டது ஒரே கேள்விதான். டிராக்டர் ஓட்டத் தெரியுமா? யோகேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரணைமடுக் குளக்கட்டில் டிராக்டரும் சேறுமாகக் கிடந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது. ஐஸ் வண்டி என்று அவர்கள் பெருமையாகச் சொன்னதும் ஒரு பழைய பண்ணை டிராக்டர்தான். பின்னால் ஐஸைச் சீவ ஒரு தகடு, அதற்குப் பின்னால் சுடுதண்ணீர்த் தொட்டி, கடைசியில் தண்ணீரை இழுத்துப் பரப்ப ஒரு தடித்த துணி. சறுக்குச் சப்பாத்துகள் கீறிக் கிழித்த தரையை அது வழித்துக்கொண்டு போகும். போன வழியெல்லாம் தண்ணீர் உறைந்து பளபளக்கும்.

ஐஸ் ஹாக்கி என்ற விளையாட்டு முதல் வருடம் அவனுக்கு விளங்கவேயில்லை. கறுப்பு ரப்பர் வில்லை ஒன்றைத் தடிகளால் துரத்துகிறார்கள். இடையிடையே ஒருவனை ஒருவன் பலகைச் சுவரில் வைத்து நசுக்குகிறார்கள். பிறகு வரிசையில் நின்று கை குலுக்குகிறார்கள். கை குலுக்குவதற்கு இவ்வளவு குளிரும் சண்டையும் வேண்டுமா என்பது அவன் சந்தேகம். ஆட்டம் மூன்று பாகம். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் இவன் டிராக்டரை உள்ளே விட்டு ஐஸைச் சரிக்கட்ட வேண்டும். அவனுக்கும் அந்த விளையாட்டுக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் அவனை யோகி என்றார்கள். முழுப் பேரையும் சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்ள அவர்களுக்கு நேரமில்லை.

இனித் தாடிக்கு வருவோம்.

அவன் மனைவி ரஞ்சினி மூன்றாம் முறையாகப் பிள்ளைத்தாய்ச்சி. முதல் பிள்ளை யாழ்ப்பாணத்தில் வயிற்றோடு போயிற்று. இரண்டாவது இங்கே வந்த முதல் குளிர்காலத்தில். இரண்டும் உருப்பெற முதலே போனவை. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் முகம் வழிக்கக்கூடாது, முடி வெட்டக்கூடாது என்று அவர்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. இந்தக் காலத்தில் அதெல்லாம் என்ன என்று அந்த இரண்டு முறையும் யோகேஸ்வரன் நாள் தவறாமல் மழமழவென்று வழித்துக்கொண்டு திரிந்தவன்தான். மூன்றாம் முறை டொக்டர் உறுதியாகச் சொன்ன அன்றைக்கு, சவரக் கத்தியை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தான். ரஞ்சினி அதைப் பார்த்தாள். பிள்ளை கைக்கு வந்த பிறகு சந்நிதி முருகனை நினைத்துத் தாடியை எடுப்பது என்று மனதுக்குள் ஒரு நேர்த்தி.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு கட்டுப்பாடு இருந்தது. பிறக்கும் முன் பிள்ளைக்கென்று ஒரு சட்டைகூட வாங்குவதில்லை. வெளியில் ஒருவருக்கும் வாய்விட்டுச் சொல்வதுமில்லை. இரண்டு முறை சொல்லிப் பட்டது போதும், கண்ணூறு பொல்லாதது. ஆகவே தொட்டில் இல்லை, கிலுக்கட்டி இல்லை, ஒரு போத்தல்கூட இல்லை. ஒரு பிள்ளை வரப்போகிறது என்பதற்கு ரஞ்சினியின் வயிற்றைத் தவிர அங்கே இருந்த ஒரே அடையாளம் இவன் தாடிதான்.

அதுவும் சும்மா வளரவில்லை, போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தது. தொழிற்சாலையில் பழத்துக்குள் மயிர் விழக்கூடாது என்று தாடிக்கு ஒரு வலைப்பை கொடுத்தார்கள். அதைக் காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்பான். கூட வேலை செய்த கிரேக்கப் பெண்கள் அவனைப் பாதிரியார் என்று கூப்பிட்டு, முன்னால் வந்து குனிந்து ஆசீர்வாதம் கேட்டுச் சிரிப்பார்கள். அவனும் கையைத் தூக்கி ஆசீர்வதிப்பான். வாயைத் திறந்து காரணம் சொன்னதில்லை.

ரஞ்சினிக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஆகஸ்ட்டில் அந்தச் சர்வதேசப் போட்டி வந்தது. எட்டு நாட்டு அணிகள். நாலு நாலாகப் பிரிந்து ஆடி, மேலே வந்த நால்வர் அரையிறுதிக்கு. அதற்குப் பிறகு ஒரு தோல்வி போதும், மூட்டை கட்டவேண்டியதுதான். அவுஸ்திரேலிய அணியை யாரும் பெரிதாக எண்ணவில்லை. வெயில் நாட்டில் ஐஸ் விளையாட்டு என்றாலே பேப்பர்காரனுக்குப் பகிடி. அணியில் இருந்தவர்கள் குழாய் வேலைக்காரன், பள்ளிக்கூட ஆசிரியர், லொறிச் சாரதி என்று பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்து ஆடுகிறவர்கள். தலைவன் மிரோ, செக் நாட்டுக்காரன், கொத்தனார். சொந்த ஊருக்குள் ரஷ்ய டாங்கிகள் வந்தபோது ஒரு பெட்டியோடு வெளியேறியவன். அவன் கையும் யோகேஸ்வரனின் கை மாதிரித்தான், வெடித்து வெடித்து இருக்கும்.

முதல் ஆட்டத்திலேயே டென்மார்க்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். எல்லோரும் போன பிறகு மிரோ மட்டும் டிராக்டர் நிற்கும் வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான். யோகேஸ்வரன் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தான். இருவருக்கும் களைப்பு. களைத்தவர்களுக்குப் பேச்சு வேண்டாம், ஆனாலும் மிரோ கேட்டான்.

"யோகி, இந்தத் தாடி எதற்கு? போன வருடம் இல்லையே?"

யோகேஸ்வரனுக்குத் திக்கென்றது. பிள்ளைக்கு என்று சொல்லமுடியுமா? ஏழு மாதம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு வாளிக்காரனிடம் கொட்டுவதா? ஒன்றும் சொல்லாமல் விடவும் முடியாது, மிரோ நல்ல மனுஷன்.

"நல்லது நடக்கவேண்டும் என்று. கடவுளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நல்லபடி முடிந்த பிறகுதான் எடுப்பேன்."

"என்ன நல்லபடி முடிந்த பிறகு?"

யோகேஸ்வரன் குழாயைத் திருகினான். பிறகு திருகியதைத் திரும்பவும் திருகினான். "எல்லாம்," என்றான்.

மிரோ அவனையே பார்த்தான். பிறகு ஐஸைப் பார்த்தான், ஆட்டப் பட்டியல் தொங்கிய சுவரைப் பார்த்தான். எழும்பி வந்து இரண்டு கையாலும் யோகேஸ்வரனின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். கண் கலங்கியிருந்தது. எங்களுக்கு ஆதரவாக இந்த நாட்டில் ஒரு நாய்கூட இல்லை, இந்த ஐஸ் வண்டிக்காரன் மாதக்கணக்காகத் தாடி வளர்க்கிறான் என்று அவன் நினைத்தது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இல்லையப்பா, அது வேறு விஷயம் என்று சொல்ல யோகேஸ்வரன் வாய் திறந்தான். வேறு விஷயம் என்றால் எந்த விஷயம் என்று கேட்பானே. மூடிக்கொண்டான்.

அடுத்த நாள் உடை மாற்றும் அறையில் மிரோ உத்தரவு போட்டுவிட்டான். நாம் தோற்று வெளியே போகும் வரை, அல்லது கோப்பை கைக்கு வரும் வரை, ஒருவனும் முகம் வழிக்கக்கூடாது. ஐஸில் இறங்கும்போது வாசலில் இருக்கும் யோகியின் தாடியைத் தொட்டுவிட்டு இறங்கவேண்டும். யோகேஸ்வரன் டிராக்டர் இருக்கையில் இருக்க, கையுறை போட்ட இருபது பேர் வரிசையாக வந்து தாடியை இழுத்துவிட்டுப் போனார்கள். இழுத்த இழுப்பில் நாடி நொந்தது. அன்றைக்கு வென்றார்கள். அதற்கடுத்த ஆட்டமும் வென்றார்கள். அவுஸ்திரேலியா அரையிறுதிக்கு வந்துவிட்டது, யோகேஸ்வரனின் தாடிக்கு ஹால்பினே கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ரஞ்சினிக்குச் சொன்னான். அவள் குசினிக் கதிரையில் காலை நீட்டி வைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள்.

"சிரியாதையும். எனக்குப் பயமாயிருக்கு. பிள்ளைக்கு வைச்ச நேர்த்தியை இவங்கள் பங்கு போடுறாங்கள். முருகனுக்குக் குழப்பம் வராதோ?"

"ஆறு முகம் வைச்சிருக்கிறவருக்கு இது ஒரு குழப்பமே? ஒரு முகத்தால அவங்களைப் பாப்பார், மற்ற அஞ்சும் எங்களைப் பாக்கும்."

"தோத்தாங்கள் எண்டால்?"

"அவங்கள் தோத்தால் அவங்கள் தோத்ததுதான். இஞ்சருங்கோ, கையைத் தாங்கோ, உதைக்குது பாருங்கோ."

கையை வைத்துப் பார்த்தான். உதைத்தது. ஆனால் மனம் கேட்கவில்லை. ஒருமுறை தோற்றால் வெளியே என்ற அந்தச் சட்டம் அவன் தலைக்குள் ஏறிவிட்டது. அவர்கள் ஆட்டமும் தன் பிள்ளையும் ஒரே கயிற்றில் கட்டுண்டு கிடப்பதாக ஒரு நினைப்பு. மூட நினைப்பு என்று அவனுக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் போய்விடுமா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹாலந்தோடு அரையிறுதி. மூன்று பாகமும் முடிந்து இரண்டுக்கு இரண்டு. சமம்தானே, ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்பது யோகேஸ்வரனின் அபிப்பிராயம். காலை நாலு மணிக்கு எழும்பியவன், நிற்கவே முடியவில்லை. ஹால்பின் வந்து விளக்கினார். இனிச் சமம் என்று ஒன்று கிடையாது, யார் முதலில் கோல் போடுகிறானோ அவன் உள்ளே, மற்றவன் வீட்டுக்கு. போ, ஐஸைப் போடு.

போட்டான். அதற்கு முன் ஐஸை அவன் அவ்வளவு கவனமாகப் போட்டதில்லை. மூலை மூலையாகத் திரும்பி, ஒரு கோடு விடாமல், வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே போட்டான். ஆட்டம் திரும்பத் தொடங்கியதும் வாசல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வில்லை இந்தப் பக்கம் வந்தால் பலகையை இறுக்கினான். அந்தப் பக்கம் போனால் பிடியை விட்டான். கடைசியில் லொறிச் சாரதி ஒருவன் விழுந்துகொண்டே தட்டிய வில்லை வலைக்குள் போய்விட்டது. அரங்கமே எழும்பி நின்றது. மிரோ சறுக்கிக்கொண்டு வந்து பலகைக்கு மேலால் யோகேஸ்வரனின் தாடியில் முத்தம் கொடுத்தான். இனிப் பயமில்லை என்று அன்றைக்கு யோகேஸ்வரன் முழுமனதாக நம்பினான். ட்ராமில் தூங்காமல் வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை விடிய ரஞ்சினி அவனை எழுப்பினாள். "பிள்ளை அசையுதில்லை," என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் வந்து வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். இரண்டாமவர் கேட்டுவிட்டு இவன் முகத்தைப் பார்க்காமல் காதில் இருந்ததைக் கழற்றினார். யோகேஸ்வரனை வெளியில் இருத்தினார்கள். பின்னேரம் ஒரு தாதி வந்து, பெண் பிள்ளை, உயிர் இல்லை என்று சொன்னாள். பார்க்கலாமா என்று கேட்டான். பார்க்காமல் இருப்பதுதான் இருவருக்கும் நல்லது, மற்றக் காரியங்களை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றாள். தங்கமான குரல் அவளுக்கு. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள், எங்கே புதைத்தார்கள் என்று தாய்க்கும் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது. எதிர்த்துக் கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பிறகு ஆயுள் முழுக்கத் தோன்றியது.

ரஞ்சினியைப் பிள்ளை பெற்றவர்களின் வார்டிலேயே ஒரு மூலைக் கட்டிலில் விட்டிருந்தார்கள். சுற்றிவரப் பிள்ளைகள் வீரிட்டன. அவள் அழவில்லை, அதுதான் அவனுக்குப் பெரிய பயம். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"அங்க எண்டால் நாலு சனம் வந்து அழுதிருக்கும். இஞ்ச என்ர பிள்ளைக்கு ஒருத்தரும் அழேல்லை."

யோகேஸ்வரன் போர்வையை இழுத்து அவள் தோள்வரை மூடினான். அவனாவது அழுதிருக்கலாம், வரவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள்.

வெளியில் வந்து ரெலிபோன் பெட்டியிலிருந்து கிளேய்ட்டனில் இருந்த இராஜேஸ்வரி அன்ரிக்கு அடித்தான். மெல்போர்னில் முறை தலை தெரிந்த மூத்தவர் என்று அவர்களுக்கு இருந்தது அவர் ஒருவர்தான். அன்ரி அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஐயோ ஐயோ என்றார். பிறகு மூக்கைச் சீறிக்கொண்டு சொன்னார்.

"தம்பி, வயித்துக்குள்ள போனதுக்குக் கிரியை எண்டு ஒண்டும் இல்லையடா. எட்டுச் செலவு, அந்தியேட்டி ஒண்டும் இல்லை. நீ மனசை விடாதை. நாளைக்கு முழுகிப்போட்டு அந்தத் தாடியையும் எடுத்துப்போடு. இனி ஆருக்கு அது?"

ஞாயிறு காலையில் முழுகினான். அலுமாரிக்கு மேலிருந்து சவரக் கத்தியை எடுத்தான். தூசு பிடித்திருந்தது, கழுவினான். கண்ணாடிக்கு முன் நின்று பார்த்தான். வீட்டில் பிள்ளையின் சட்டை ஒன்று இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்திருப்பான். ஒன்றும் இல்லை. இதையும் வழித்துவிட்டால் அப்படி ஒரு பிள்ளை இருக்கவே இல்லை என்றாகிவிடும். அதுவும் தனியாக, ஒரு குழாயடியில் நின்று வழித்து, மயிரைத் தண்ணீரோடு விட்டுவிடுவதா? செத்தவீட்டில் சொந்தத்தில் உரித்துக்கார ஆண்கள் ஒன்றாக இருந்துதான் முகம் வழிப்பார்கள். அவனுக்கு உரித்துக்காரன் இந்தக் கண்டத்திலேயே இல்லை. கத்தியைத் திரும்ப அலுமாரிக்கு மேலே வைத்தான்.

ரஞ்சினியைப் பார்க்க மாலை வரை விடமாட்டார்கள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும். டிராக்டர் ஓட்ட வேறு ஆளும் இல்லை. மத்தியானம் இறுதியாட்டம். போனான்.

வாசலில் மிரோவைக் கண்டதும் கையைக் குறுக்கே நீட்டினான்.

"இன்றைக்குத் தொடவேண்டாம்."

"ஏன்?"

சாவுத் துடக்குக்காரனைத் தொட்டுவிட்டு நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது என்பதை எந்த இங்கிலீஷில் சொல்வது? கிரியை ஒன்றும் இல்லை என்று அன்ரி சொன்னாலும் அவனுக்குத் துடக்குத்தான். பாவம், இந்தச் சனங்கள் ஏன் அதைத் தொட்டுக் கெட்டுப்போக வேண்டும்?

"தாடிக்கு இனிப் பலன் இல்லை, மிரோ. முடிந்துவிட்டது."

மிரோ விழுந்து விழுந்து சிரித்தான். இறுதியாட்டத்துக்கு முன் எல்லோருக்கும் இப்படிப் பயம் வரும் யோகி என்று, ஒரு கைக்கு இரண்டு கையாகப் பிடித்து இழுத்தான். பின்னால் வந்தவர்களும் இழுத்தார்கள். யோகேஸ்வரன் டிராக்டர் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். ஒவ்வொரு கையும் படும்போது பிள்ளையைத் தொடுகிறார்கள் போல இருந்தது. அது அவனுக்கு வேண்டாம் என்றும் இல்லை.

இறுதியாட்டம் அதே டென்மார்க்கோடு. முதல் பாகத்தில் அவுஸ்திரேலியா ஒரு கோல் முந்தியது. இரண்டாம் பாகத்தில் சமமாயிற்று. யோகேஸ்வரன் நேரம் வந்தபோது போய் ஐஸைப் போட்டான், வந்து நின்றான், திரும்பவும் போட்டான். எந்தப் பக்கம் வில்லை வந்தாலும் கை பலகையைத் தேடவில்லை. பயப்படுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. கடைசிப் பாகம் முடியப்போகிற நேரத்தில் டென்மார்க் அடித்த வில்லை மிரோவின் சப்பாத்தில் பட்டுத் திரும்பி, சொந்த வலைக்குள்ளேயே போயிற்று. பிறகு மணி அடித்தது. மிரோ ஐஸில் முழங்காலில் இருந்தான். அவனைச் சுற்றி டென்மார்க்காரர்கள் கட்டிப் பிடித்துத் துள்ளினார்கள்.

மாலையில் பொதுமக்கள் சறுக்க வருவார்கள் என்பதால் யோகேஸ்வரன் ஐஸை வழித்துக்கொண்டிருந்தான். மிரோ வாசலில் வந்து நின்று கை காட்டினான். உடை மாற்றும் அறைக்கு வா.

அந்த அறைக்குள் அவன் அதுவரை கூட்டிப் பெருக்கக் கூட்டுமாற்றோடு மட்டுந்தான் போயிருக்கிறான். வியர்வையும் நோவெண்ணெயும் மணத்தன. சுவரோரம் நீளத்துக்குக் கை கழுவும் தொட்டிகள். அவற்றுக்கு முன்னால் இடுப்பில் துவாயோடு ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று முகம் வழித்துக்கொண்டிருந்தார்கள். கத்தி கீறும் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும்தான். பள்ளிக்கூட ஆசிரியர் சவர்க்கார நுரைக்கு நடுவில் அழுதுகொண்டே வழித்தார். குழாய் வேலைக்காரன் வழித்து முடித்த முகத்தைத் துவாயில் புதைத்துக்கொண்டு மரவாங்கில் உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கியது.

யோகேஸ்வரனுக்கு அது எந்த இடம் என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே வந்தான்.

"முடிந்தது யோகி," என்றான் மிரோ. "வா, உன்னுடையதையும் எடுப்போம். இவ்வளவு நீளத்துக்குக் கத்தி போதாது."

கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துவந்து மிரோவே வெட்டினான். கொத்தனார் கை, ஆனாலும் மெதுவாக வெட்டியது. தாடி கொத்துக் கொத்தாகத் தொட்டிக்குள் விழுந்தது. மூன்றாவது கொத்து விழுந்தபோது யோகேஸ்வரனின் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடையது என்று அவனுக்கே தெரியவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். மூன்று பிள்ளைக்கும் சேர்த்து அழுதான். இரண்டு வேலைக்கும், தூங்காத நாளுக்கும், முழங்காலில் இருந்த குளிருக்கும் அழுதான்.

மிரோ கத்தரிக்கோலை நிறுத்தினான். கொஞ்ச நேரம் அவனை அழவிட்டான். பிறகு மிச்சத்தை வெட்டி, நுரை பூசி, தானே வழித்துவிட்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எங்களுக்காக இந்த மனுஷன் இப்படி அழுகிறானே என்று அவர்களுக்கும் தாங்கவில்லை. அவன் கையைப் பிடித்தார்கள், கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள், விட்டுவிட்டுப் போய் வாங்கில் இருந்தார்கள். செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் அதைத்தான் செய்வார்கள். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, பிறகு சொல்லவேண்டும் என்றும் தோன்றவில்லை. தொட்டிக்குள் கிடந்த மயிரை மட்டும் அள்ளி, ஒரு பேப்பரில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான். ரஞ்சினி அதே மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். சத்தத்துக்குத் திரும்பியவள் அவன் முகத்தைக் கண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிறிப் போன, வேறு யாரோ மாதிரியான முகம். கையை நீட்டித் தடவினாள்.

"எடுத்திட்டியளோ?"

"ஓம்."

"தனிய நிண்டோ?"

"இல்லை. இருபது பேர். எல்லாரும் வரிசையாய் நிண்டு முகம் வழிச்சவை. மிரோதான் எனக்கு வழிச்சு விட்டவன்."

ரஞ்சினி முழங்கையை ஊன்றி எழும்பினாள்.

"எல்லாருமோ?"

"எல்லாரும். அழுதவை. ஒவ்வொராளாய் வந்து கையைப் பிடிச்சவை."

அவள் இன்னும் கிட்டக் குனிந்தாள். "எங்கட பிள்ளைக்கோ?"

பக்கத்துக் கட்டிலில் யாருடைய பிள்ளையோ பாலுக்கு அழுதது. யோகேஸ்வரன் அவள் கையைத் தன் வழித்த கன்னத்தோடு வைத்து அழுத்தினான்.

"ஓம்," என்றான்.

அப்போதுதான் ரஞ்சினி அழத் தொடங்கினாள்.